அன்னா அட்கின்ஸ் அம்மையார்

சென்ற கோடை விடுமுறையில், காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெருக்களை அடுத்து வாழும் சிறுவர் சிறுமியர் சிலரைக் கூட்டிச் சூரிய ஒளியால் படம் எடுக்கும் வேடிக்கையொன்றை நடத்தினோம். பெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் பெர்ரிசயனைட் என்னும் இரு உப்புகளையும் தனித்தனியே நீரில் கரைத்துக் கலந்து, மங்கிய வெளிச்சத்தில் காகிதத்தின்மேல் நாமே பூசி உலர்த்தி வைத்திருந்தோம். அதன்மேல் இலையை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி, வெயிலிற் காட்டிப் பின் தண்ணீரில் அலசினால், வெயில் பட்ட இடமெல்லாம் ஆழ்ந்த நீலமாகவும், இலை மறைத்த இடம் வெண்மையாகவும் நிற்கும். மாவிலை வெறும் வெள்ளை உருவமாகவே விழுந்தது. முருங்கைக் கொத்தோ ஒவ்வொரு சிற்றிலையும் காம்பும் தெளிவாய்த் தோன்ற அழகாய் அமைந்தது.

பட்டு நெய்வோர் வீட்டுப் பிள்ளையொருவன், இஃது அவுரி நீலந்தானா, சவுக்காரம் போட்டால் நிற்குமா என்று வினவினான். இது இரும்பிலிருந்து பிறக்கும் நீலம், சவுக்காரம் இதற்குப் பகை என்று விடை கூறினோம். அப்படியாயின் புடைவைக்கு உதவாது என்று தீர்ப்பளித்துவிட்டு, இதை முதலில் செய்தவர் யார் என்றான். அதற்கு அன்று சுருக்கமாகச் சொன்னதை ஈண்டுச் சிறிது விரித்து எழுதுகிறோம்.

அன்னா அம்மையார் இங்கிலாந்தில் கெண்ட் மாகாணத்து டன்பிரிட்ஜ் நகரில் 1799ஆம் ஆண்டு மார்ச் மாதம் 16ஆம் நாள் பிறந்தார். மறு ஆண்டே அன்னையை இழந்தார். தந்தையார் ஜான் ஜார்ஜ் சில்ட்ரன் இரசாயன நூலிலும் இயற்கை நூலிலும் வல்லவர். பின்னாளில் பிரிட்டிஷ் பொருட்காட்சிச்சாலையில் அலுவல் பார்த்தவர். பெண்மக்களுக்கு விஞ்ஞானக் கல்வி அரிதாயிருந்த அக்காலத்தில், அவர் தம் ஒரே மகளைத் தம் ஆராய்ச்சிக்குத் துணையாகவே வளர்த்தார். லாமார்க் என்னும் பிரெஞ்சு அறிஞர் சிப்பிகளைப் பற்றி எழுதியதை அவர் மொழிபெயர்த்தபோது, அதற்குரிய 250க்கு மேற்பட்ட சித்திரங்களை வரைந்தவர் மகளே. 1825இல் ஜான் பெல்லி அட்கின்ஸ் என்பவரை மணந்து ஹால்ஸ்டெட் என்னும் ஊரில் குடிபுகுந்தார். மாமனார் மேற்கிந்தியத் தீவுகளோடு வாணிகம் செய்த பெருஞ்செல்வர். அம்மையாருக்கு வாய்த்த ஓய்வு அத்தகைய செல்வத்தின் நிழலில் வாய்த்தது என்பதையும் மறைத்தல் தகாது.

தந்தையின் நண்பரான வானநூற் புலவர் ஜான் ஹெர்ஷல் 1842இல் இந்நீல அச்சு முறையைக் கண்டுபிடித்தார். அதற்கு முந்திய ஆண்டில் ஹார்வி என்பவர் பிரிட்டிஷ் கடற்பாசிகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டிருந்தார். அதில் படங்கள் இல்லை. மயிரினும் மெல்லிய கிளைகளையுடைய பாசிகளைக் கையால் வரைவது எத்துணைக் கடினம் என்பதைச் சிப்பிகளை வரைந்த கை அறியாதா? பாசியையே காகிதத்தின்மேல் கிடத்தி, வெயிலைக்கொண்டே எழுதுவித்தால் என்ன என்று அம்மையார் எண்ணினார். பாசி மெல்லியதாகலின் ஒளி சற்றே ஊடுருவும். உள்ளமைப்பும் படத்தில் விழும்.

1843 அக்டோபரில் முதற்பகுதி வெளிவந்தது. டால்பட் என்பார் வெளியிட்ட புகழ்பெற்ற ஒளிப்பட நூலின் முதற்பகுதி 1844 ஜூனில்தான் வந்தது. ஆகவே ஒளிப்படங்களோடு கூடிய முதல் நூல் என்னும் பெருமை இதற்கே உரியது. வேலை முடியப் பத்தாண்டு ஆயிற்று. ஒரு பிரதியில் சுமார் 400 படங்கள். ஓர் எதிர்ப்படத்திலிருந்து பல படி எடுக்கும் வழி இதில் இல்லை. ஒவ்வொரு தாளுக்கும் பாசியை மீண்டும் வைத்து, மீண்டும் வெயிலுக்குக் காத்திருக்க வேண்டும். பத்துப் பிரதிகளுக்கே 4000 முறை! நம் சித்திரை வெயிலில் கால் மணியில் முடிவது, அந்த மேகமூட்டமான நாட்டில் எத்தனை நாள் ஏமாற்றியிருக்குமோ. முன்னுரையையும் பாசிகளின் பெயர்களையுங்கூட அச்செழுத்தில் கோக்காமல், தம் கையெழுத்தையே நீல அச்சாக்கினார்.

1852இல் தந்தையார் காலமானார். பணி நின்றது. குழந்தைப் பருவம் முதல் உடன்பிறந்தாள் போன்றிருந்த ஆன் டிக்ஸன் என்னும் தோழி வந்து உடனிருந்தார்; இருவருமாகப் பெரணிகளையும் பூக்களையும் பதிக்கத் தொடங்கினர். துக்கத்துக்கு மருந்தாக இவ்வேலை அமைந்ததென்றே நாம் கருதுகிறோம். கடற்பாசி நூலும் அதன்பின் 1853இல் நிறைவெய்தியது. தந்தையின் நினைவுக் குறிப்பையும் அவ்வாண்டிலேயே அம்மையார் வெளியிட்டார்.

தம் நூலில் அவர் முழுப் பெயரை எழுதவில்லை. இரண்டு ஏ எழுத்துகளை மட்டும் இட்டார். பிற்காலத்தில் அந்நூலை ஆராய்ந்த அன்பரொருவர், அவை பெயர் வெளியிட விரும்பாத ஆர்வலர் ஒருவரைக் குறிப்பனவென்று முதலில் கொண்டாராம்! 1970க்குப் பின்னரே ஆராய்ச்சியாளர் அம்மையாரின் சரித்திரத்தை முறையாகத் தொகுத்தனர்.

தாம் சேர்த்த உலர் தாவரத் தொகுதியை 1865இல் பிரிட்டிஷ் பொருட்காட்சிச்சாலைக்கு அளித்துவிட்டு, 1871 ஜூன் 9ஆம் நாள் ஹால்ஸ்டெட்டில் காலமானார். ஹெர்ஷலுக்கு அவர் அன்பளிப்பாகக் கொடுத்த பிரதி இப்போது நியூயார்க் பொது நூல்நிலையத்தில் இருக்கிறது. அதன் நீலம் இன்னும் மங்கவில்லை.