சையது அப்துல் ரஹீம்

சையது அப்துல் ரஹீம் (ஆகஸ்ட் 17, 1909 - ஜூன் 11, 1963) இந்தியக் காற்பந்தாட்டப் பயிற்றுநர் ஆவார். ஐதராபாத்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியரான இவர், 1950 முதல் தாம் இறக்கும்வரை ஐதராபாத் நகரக் காவல்துறை அணிக்கும், அதே காலகட்டத்தில் பல பன்னாட்டுப் போட்டிகளில் இந்திய அணிக்கும் பயிற்சி அளித்தார். இவரது பயிற்சியின் கீழ் இந்தியா 1951 ஆம் ஆண்டிலும் 1962 ஆம் ஆண்டிலும் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கப் பதக்கம் வென்றது. 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் நான்காம் இடத்தைப் பெற்றது. இவர் மறைந்த பின்னர் இந்திய ஆண்கள் காற்பந்தாட்ட அணி ஆசிய விளையாட்டுகளில் தங்கம் வென்றதில்லை. ஒலிம்பிக் போட்டிகளில் பங்கேற்கவும் தகுதி பெற்றதில்லை. இவர் ரஹீம் சாகிப் என மரியாதையுடன் அழைக்கப்பட்டார்.

இளமையும் ஆசிரியப் பணியும்

ரஹீம் அன்றைய நிஜாம் ஆட்சிக்குட்பட்ட ஐதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, நகரின் பள்ளிகளில் ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னர் உடற்கல்வியிலும் தகுதி பெற்றார். மாணவப் பருவத்திலும் அதன் பின்னரும் உள்ளூர்க் கழகங்களுக்காகக் காற்பந்து விளையாடினார். எனினும் ஆட்டக்காரராக இவர் அடைந்த புகழைவிடப் பயிற்றுநராக அடைந்த புகழே பெரிது. 1940களின் தொடக்கத்தில் ஐதராபாத் காற்பந்தாட்டச் சங்கத்தின் செயலாளராகப் பொறுப்பேற்றார்.

வகுப்பறைப் பழக்கம் இவரது பயிற்சி முறையில் தெளிவாகத் தெரிந்தது. ஒரு திறனைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே பழக்கி, இறுதியில் ஒன்று சேர்ப்பது இவருடைய வழக்கம். அக்காலத்தில் இந்தியாவில் பயிற்றுநர் என்பவர் பெரும்பாலும் அணித் தலைவருக்கு ஆலோசனை கூறும் முன்னாள் ஆட்டக்காரராகவே இருந்தார். பயிற்சியையே ஒரு முறையான துறையாகக் கருதிச் செயற்பட்ட முதல் இந்தியர்களுள் ரஹீமும் ஒருவர்.

ஐதராபாத் நகரக் காவல்துறை அணி

1950 ஆம் ஆண்டில் ரஹீம் ஐதராபாத் நகரக் காவல்துறை அணியின் பயிற்றுநரானார். அதுவரை இந்தியக் காற்பந்தாட்டத்தின் மையம் கல்கத்தாவாகவே இருந்தது. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று கழகங்களே பெருங்கழகங்கள் எனக் கருதப்பட்டன. இந்நிலையில் தக்காணத்திலிருந்து வந்த காவலர் அணி ஒன்று பம்பாயில் நடைபெற்றுவந்த ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ச்சியாக ஐந்து முறை வென்றது. அப்போது தில்லியில் நடைபெற்றுவந்த டூரண்ட் கோப்பையையும் 1950 ஆம் ஆண்டில் கைப்பற்றியது. பின்னரும் சில முறை அதனை வென்றது. மாநிலங்களுக்கிடையிலான சந்தோஷ் கோப்பையை ஐதராபாத் அணி 1956-57, 1957-58 ஆகிய இரு பருவங்களிலும் தொடர்ந்து வென்றது.

அந்நாளில் இந்தியாவில் காற்பந்தாட்டம் தொழில்முறை விளையாட்டாக இல்லை. காவல்துறையில் வேலை கிடைத்ததால் ஏழைக் குடும்பத்து இளைஞர்கள் மாத ஊதியத்துடன் நாள்தோறும் பயிற்சி செய்ய முடிந்தது. அஜீஸ், நூர் முகமது, லத்தீப் போன்ற பல ஆட்டக்காரர்கள் இவ்வணியில் இருந்தே இந்திய அணிக்குச் சென்றனர்.

பயிற்சி முறைகள்

ரஹீமின் பயிற்சி முறைகளுள் பின்வருவன குறிப்பிடத்தக்கவை:

- வலுவற்ற காலால் மட்டுமே பந்தை உதைக்கலாம் என்ற விதியுடன் நடத்தப்பட்ட ஆட்டங்கள். இதனால் இரு கால்களையும் ஒன்றுபோலப் பயன்படுத்தும் ஆட்டக்காரர்கள் உருவாயினர்.
- பந்தைக் காலில் வைத்துக்கொண்டு ஓடுவதைத் தடைசெய்த போட்டிகள். பந்து வந்தவுடன் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டியிருந்ததால், பந்து வருவதற்கு முன்பே சுற்றிலும் பார்க்கும் பழக்கம் ஏற்பட்டது.
- சிறுவர்களுக்கெனத் தனியே நடத்தப்பட்ட போட்டிகள். இவற்றின் மூலம் திறமையுள்ளோரை இளவயதிலேயே அடையாளங்காண முடிந்தது.

ஆட்ட அமைப்பிலும் இவர் மாற்றங்களைக் கொண்டுவந்தார். இரண்டு தடுப்பாளர், மூன்று நடுவரிசையினர், ஐந்து முன்னணியினர் என்ற பழைய 2-3-5 அமைப்பே இந்தியாவில் நீண்டகாலம் நிலைத்திருந்தது. இங்கிலாந்தில் 1925 ஆம் ஆண்டில் ஆப்சைடு விதி மாற்றப்பட்ட பின்னர் மூன்று தடுப்பாளர்களைக் கொண்ட அமைப்பு பரவியது. 1953 நவம்பரில் வெம்பிளி அரங்கில் ஹங்கேரி அணி இங்கிலாந்தை 6-3 என வென்றபோது, ஹங்கேரியின் நடு முன்னணி ஆட்டக்காரரான ஹிடெகுட்டி பின்தங்கி நின்று விளையாடியது உலகெங்கும் பேசப்பட்டது. பின்தங்கிய நடு முன்னணி என்னும் இம்முறையை ரஹீம் இந்திய அணியிலும் பயன்படுத்தினார். நான்கு தடுப்பாளர், இரண்டு நடுவரிசையினர், நான்கு முன்னணியினர் என்ற 4-2-4 அமைப்பு 1958 உலகக்கோப்பையில் பிரேசிலின் வெற்றியால் புகழடைந்தது. அதனை இந்தியாவில் முன்னெடுத்தவர்களுள் ரஹீம் முதன்மையானவர்.

இந்திய அணியில்

1951 தில்லி, 1952 ஹெல்சின்கி

முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் 1951 மார்ச்சில் புதுதில்லியில் நடைபெற்றன. சைலன் மன்னா தலைமையிலான இந்திய அணி இந்தோனேசியாவையும் ஆப்கானித்தானையும் வென்று, இறுதிப் போட்டியில் ஈரானை 1-0 என வீழ்த்தித் தங்கம் வென்றது. வெற்றிக் கோலை மேவாலால் அடித்தார்.

அடுத்த ஆண்டு ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் இந்தியா 1-10 எனத் தோற்றது. இந்திய ஆட்டக்காரர் பலர் காலணி அணியாமலேயே விளையாடினர். பருவமழையில் மென்மையாகும் தரையில் வெறுங்காலுடன் விளையாடிப் பழகியவர்களுக்கு ஐரோப்பாவின் குளிர்ந்த தரை பொருந்தவில்லை. ஆனால் தோல்விக்கு வெறுங்கால் மட்டுமே காரணமன்று. பழைய 2-3-5 அமைப்பும் எதிரணியின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. இத்தோல்விக்குப் பின்னர் அகில இந்தியக் காற்பந்தாட்டக் கூட்டமைப்பு காலணி அணிவதைக் கட்டாயமாக்கியது.

1956 மெல்பேர்ண்

ஹெல்சின்கியில் பெற்ற பாடத்தின் பயன் நான்காண்டுகளில் தெரிந்தது. மெல்பேர்ண் ஒலிம்பிக்கின் முதற் சுற்றில் எதிரணியான ஹங்கேரி விலகியதால் இந்தியா விளையாடாமலேயே அடுத்த சுற்றுக்குச் சென்றது. டிசம்பர் 1 அன்று, போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவை 4-2 என வென்றது. நெவில் டிசூசா மூன்று கோல்களை அடித்தார். ஒலிம்பிக் காற்பந்தாட்டத்தில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்கள் அடித்த முதல் ஆசியர் இவரே. நான்காவது கோலை கிட்டு எனப்பட்ட கிருஷ்ணசாமி அடித்தார். இதன்மூலம் ஒலிம்பிக் காற்பந்தாட்டத்தில் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய நாடு என்ற பெருமையை இந்தியா பெற்றது.

அரையிறுதியில் எதிரணி மீண்டும் யுகோஸ்லாவியா. டிசூசாவின் கோலால் இந்தியா முன்னிலை பெற்றபோதும் ஆட்டத்தின் முடிவில் 1-4 எனத் தோற்றது. வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0-3 எனத் தோற்று நான்காம் இடத்தைப் பெற்றது.

1960 ரோம்

ரோம் ஒலிம்பிக்கில் பிரதீப் குமார் பானர்ஜி தலைமையில் இந்தியா கடினமான பிரிவில் இடம்பெற்றது. ஹங்கேரியிடம் 1-2 எனத் தோற்றது. பிரான்சுடன் 1-1 எனச் சமன் செய்தது. பெருவிடம் 1-3 எனத் தோற்றது. முதற் சுற்றுடன் வெளியேறினாலும், எட்டாண்டுகளுக்கு முன் ஐரோப்பிய அணியிடம் பத்துக் கோல்கள் வாங்கிய அணி, இப்போது வலிமைவாய்ந்த ஹங்கேரியிடம் ஒரே ஒரு கோல் வேறுபாட்டில்தான் தோற்றது. ரஹீமின் மகன் சையது ஷாஹித் ஹக்கீம் இவ்வணியில் இடம்பெற்றிருந்தார்.

1962 ஜகார்த்தா

ரஹீமின் வாழ்வில் மிகப் பெரிய வெற்றி ஜகார்த்தாவில் கிடைத்தது. இப்போட்டிகளில் இஸ்ரேலும் தாய்வானும் பங்கேற்க இந்தோனேசிய அரசு அனுமதி அளிக்கவில்லை. எனவே இவற்றை ஆசிய விளையாட்டுகள் எனக் கருத முடியாது என்ற கருத்தை இந்தியாவைச் சேர்ந்த பன்னாட்டு ஒலிம்பிக் குழு உறுப்பினர் ஜி. டி. சோந்தி முன்வைத்தார். இதனால் சினமுற்ற கூட்டத்தினர் இந்தியத் தூதரகத்தைத் தாக்கினர். இந்திய ஆட்டக்காரர்கள் பகைமை நிறைந்த சூழலில் விளையாட வேண்டியிருந்தது.

முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 எனத் தோற்ற இந்தியா, பின்னர் தாய்லாந்தை 4-1 எனவும் ஜப்பானை 2-0 எனவும் வென்றது. தாய்லாந்துடனான ஆட்டத்தில் தடுப்பாளர் ஜர்னைல் சிங்கின் தலையில் காயமேற்பட்டுத் தையல் போடப்பட்டது. ரஹீம் அவரை நடு முன்னணி ஆட்டக்காரராக மாற்றி அரையிறுதியில் களமிறக்கினார். தென்வியட்நாமை 3-2 என வென்ற அந்த ஆட்டத்தில் ஜர்னைல் ஒரு கோல் அடித்தார்.

செப்டம்பர் 4 அன்று சுமார் ஒரு இலட்சம் பார்வையாளர் நிறைந்த செனாயன் அரங்கில் இறுதிப் போட்டி நடைபெற்றது. எதிரணி, முதல் ஆட்டத்தில் இந்தியாவை வென்ற அதே தென்கொரியா. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் முற்பாதியிலேயே ஒவ்வொரு கோல் அடித்தனர். தென்கொரியா ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் ஒரு கோலைத் திருப்பியது. சுனி கோஸ்வாமி தலைமையிலான இந்தியா 2-1 என வென்றது.

தமிழ் ஆட்டக்காரர்கள்

ரஹீமின் அணிகளில் தமிழர்களும் முக்கிய இடம் பெற்றிருந்தனர். செகந்திராபாத் அருகே தமிழ்க் குடும்பத்தில் பிறந்த துளசிதாஸ் பலராம், ரஹீமால் கண்டெடுக்கப்பட்டவர். பயிற்சிக்கு வந்துபோகப் பணமில்லாத நிலையில் இருந்த அவருக்கு, மிதிவண்டியில் வந்துபோக ரஹீம் ஏற்பாடு செய்தார். பின்னாளில் பலராம் இந்தியாவின் தலைசிறந்த முன்னணி ஆட்டக்காரர்களுள் ஒருவரானார். ரோமில் ஹங்கேரிக்கு எதிராக இந்தியாவின் கோலை அடித்தவர் இவரே. இவர் 2023 ஆம் ஆண்டு பிப்ரவரியில் மறைந்தார்.

வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தின் அணியில் விளையாடிய பீட்டர் தங்கராஜ், 1956, 1960 ஒலிம்பிக் அணிகளில் கோல்காவலராக இடம்பெற்றார். உயரமான உடலமைப்புக் கொண்ட இவர் ஜகார்த்தா இறுதிப் போட்டியிலும் கோலைக் காத்தார். 1967 ஆம் ஆண்டில் அர்ஜுனா விருது பெற்ற இவர் 2008 ஆம் ஆண்டு காலமானார். தமிழ்நாட்டைச் சேர்ந்த சைமன் சுந்தரராஜ் 1960 ஒலிம்பிக் அணியில் இடம்பெற்றார்.

மறைவும் அதன் பின்னரும்

ஜகார்த்தா வெற்றிக்குப் பின் ஒன்பது மாதங்களில், 1963 ஜூன் 11 அன்று, ரஹீம் புற்றுநோயால் காலமானார். அப்போது அவருக்கு வயது 53. அடுத்து வந்த 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்கான தகுதிச் சுற்றில் இந்தியா ஈரானிடம் தோற்றது. அதே ஆண்டில் ஆங்கிலேயரான ஹாரி ரைட்டின் பயிற்சியில் ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடத்தையும், 1970 ஆம் ஆண்டில் பாங்காக் ஆசிய விளையாட்டுகளில் வெண்கலத்தையும் பெற்றது. அதன் பின்னர் ஆசிய விளையாட்டுகளின் காற்பந்தாட்டத்தில் இந்தியாவுக்குப் பதக்கம் கிடைக்கவில்லை.

இவ்வீழ்ச்சிக்கு ஒருவரின் மறைவை மட்டும் காரணமாகக் கூறுவது பொருந்தாது. ஜப்பான், தென்கொரியா முதலிய நாடுகள் பின்னர் நீண்டகாலத் திட்டத்துடன் இளையோர் பயிற்சியை வளர்த்தெடுத்தன. இந்தியாவிலோ ரஹீமின் முறைகள் அவருடைய மாணவர்களின் நினைவில் தங்கினவேயன்றி, எல்லாப் பயிற்றுநர்களும் கற்கும் பாடத்திட்டமாக மாறவில்லை.

உள்ளூரில் இளவயதினருக்குத் தொடர்ந்து பயிற்சி அளித்தால் என்ன விளையும் என்பதற்குத் தமிழ்நாட்டில் கோவில்பட்டி ஓர் எடுத்துக்காட்டு. கரிசல் மண்ணும் மானாவாரி வேளாண்மையும் தீப்பெட்டித் தொழிலும் கொண்ட இவ்வூர், ஹாக்கி விளையாட்டுக்குப் பெயர்பெற்றது. கோவில்பட்டியைச் சேர்ந்த மாரீஸ்வரன் சக்திவேலும், அங்குள்ள விளையாட்டு விடுதியில் பயிற்சி பெற்ற கார்த்தி செல்வமும் 2022 ஆம் ஆண்டில் ஆசியக் கோப்பை ஹாக்கிப் போட்டிக்கான இந்திய அணியில் இடம்பெற்றனர். அப்போட்டி நடைபெற்ற நகரமும் ஜகார்த்தாவே. அதில் இந்தியா வெண்கலம் வென்றது.

நினைவு

சிறந்த பயிற்றுநர்களுக்கான துரோணாச்சாரியார் விருது 1985 ஆம் ஆண்டில்தான், ரஹீம் மறைந்து 22 ஆண்டுகளுக்குப் பின்னரே ஏற்படுத்தப்பட்டது. அவருடைய மகன் ஹக்கீம் பன்னாட்டு நடுவராகவும் பயிற்றுநராகவும் பணியாற்றி, 2017 ஆம் ஆண்டில் தியான்சந்த் விருது பெற்றார்; 2021 ஆகஸ்டில் காலமானார். ரஹீமின் வாழ்க்கையைத் தழுவி, அஜய் தேவ்கன் நடித்த மைதான் என்னும் இந்தித் திரைப்படம் 2024 ஏப்ரலில் வெளியானது. ஏ. ஆர். ரகுமான் இதற்கு இசையமைத்தார். பல பத்தாண்டுகளாகக் காற்பந்தாட்ட ஆர்வலர்கள் மட்டுமே அறிந்திருந்த இப்பெயர், இத்திரைப்படத்தின் வழியாகப் புதிய தலைமுறையினரைச் சென்றடைந்தது.