இசம்பார்ட் கிங்டம் புரூனெல்

இசம்பார்ட் கிங்டம் புரூனெல் (ஏப்ரல் 9, 1806 – செப்டம்பர் 15, 1859) ஓர் ஆங்கிலேயப் பொறியியலாளர் ஆவார். பாலங்களையும் தொடருந்துப் பாதைகளையும் அமைத்தவராகப் பெரிதும் அறியப்படும் இவர், பயணிகள் கப்பல் வரலாற்றில் திருப்புமுனையாக அமைந்த மூன்று நீராவிக் கப்பல்களையும் வடிவமைத்தார். அவற்றுள் பிந்தைய இரண்டும், எந்த வழித்தடத்துக்காகக் கட்டப்பட்டனவோ அதில் நிலைக்காமல், வேறு பணிகளாலேயே பெயர்பெற்றன.

இளமை

புரூனெல் இங்கிலாந்தின் போர்ட்சுமவுத் நகரில் பிறந்தார். தந்தை மார்க் புரூனெல் பிரான்சிலிருந்து வந்து குடியேறிய பொறியியலாளர். தாய் சோபியா கிங்டம் ஆங்கிலேயர். பிரான்சில் கல்வி கற்றுத் திரும்பிய புரூனெல், தந்தையின் மேற்பார்வையில் 1825 இல் தொடங்கிய தேம்சு ஆற்றுச் சுரங்கப்பாதைப் பணியில் சேர்ந்தார். சனவரி 1828 இல் ஆற்று நீர் உட்புகுந்ததில் தொழிலாளர் அறுவர் இறந்தனர், புரூனெல் படுகாயமடைந்தார். 1833 இல், தமது 27 ஆவது அகவையில், இலண்டனையும் பிரிஸ்டலையும் இணைக்கும் கிரேட் வெஸ்டர்ன் தொடருந்து நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளரானார்.

கிரேட் வெஸ்டர்ன்

பிரிஸ்டலில் முடியும் பயணத்தை நியூயார்க் வரை நீட்டலாம் என்ற எண்ணத்திலிருந்து முதற் கப்பல் உருவானது. அத்திலாந்திக்குப் பெருங்கடலைக் கடக்கப் போதுமான நிலக்கரியை எந்த நீராவிக் கப்பலாலும் சுமக்க இயலாது என்று அக்காலத்தில் பலர் கருதினர். புரூனெலின் விடை எளிய கணக்காக இருந்தது. கப்பலின் நீள, அகல, உயரங்களை இருமடங்காக்கினால் அதன் கொள்ளளவு எட்டு மடங்காகும். நீரின் தடையோ ஏறத்தாழ நான்கு மடங்கே ஆகும். ஆகவே பெரிய கப்பலுக்கு, அதன் கொள்ளளவோடு ஒப்பிட, குறைந்த எரிபொருளே தேவைப்படும்.

72 மீட்டர் நீளமுள்ள இம்மரக்கப்பல் துடுப்புச் சக்கரங்களால் இயங்கியது. முதற் பயணத்துக்கு முன்னர் இயந்திர அறையருகே தீப்பற்றியது. அதைக் காணச் சென்ற புரூனெல் ஏணியிலிருந்து விழுந்து காயமுற்றார். அஞ்சிய பயணிகள் பலர் பயணத்தைக் கைவிட, ஏழு பேருடன் ஏப்ரல் 8, 1838 அன்று கப்பல் புறப்பட்டது. நான்கு நாட்கள் முன்னதாகக் கிளம்பிய சிரியஸ் என்னும் கப்பல் சில மணி நேரம் முந்திச் சேர்ந்தது. ஆயினும் 15 நாட்களில் நியூயார்க்கை அடைந்த கிரேட் வெஸ்டர்னில் ஏறத்தாழ 200 டன் நிலக்கரி மீந்திருந்தது. கணக்கு மெய்ப்பிக்கப்பட்டது. இக்கப்பல் 1847 இல் விற்கப்பட்டு, கிரிமியப் போரில் படைவீரர்களை ஏற்றிச் சென்றபின் உடைக்கப்பட்டது.

கிரேட் பிரிட்டன்

சூலை 19, 1843 அன்று பிரிஸ்டலில் மிதக்கவிடப்பட்ட இக்கப்பல் 98 மீட்டர் நீளமுடையது. முதலில் துடுப்புச் சக்கரங்களே திட்டமிடப்பட்டிருந்தன. ஆர்க்கிமிடீசு என்ற சிறு கப்பலின் திருகு உந்தியை ஆராய்ந்த புரூனெல், கட்டுமானத்தின் நடுவிலேயே திட்டத்தை மாற்றினார். இரும்பு உடலும் திருகு உந்தியும் கொண்டு அத்திலாந்திக்கைக் கடந்த முதற் பெருங்கப்பல் இதுவே.

1846 இல் அயர்லாந்தின் டன்டிரம் விரிகுடாவில் தரைதட்டி ஓராண்டுக்குச் சற்றுக் குறைவாக மணலில் கிடந்தது. மரக்கப்பலாயின் சிதறியிருக்கும்; இரும்பு உடல் தாங்கியது. ஆனால் உரிமையாளரின் நிதிநிலை தாங்கவில்லை. புதிய உரிமையாளரிடம் சென்ற கப்பல் 1852 முதல் ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறிகளை ஏற்றிச் சென்றது. 1857 இல் இந்தியக் கிளர்ச்சியை ஒடுக்க அனுப்பப்பட்ட பிரித்தானியப் படையினரைப் பம்பாய்க்குக் கொணர்ந்தது. 1886 இல் புயலில் சேதமுற்று போக்லாந்து தீவுகளை அடைந்தபின் மிதக்கும் கிடங்காகப் பயன்பட்டது. 1937 இல் ஆழமற்ற கரையோரத்தில் அமிழ்த்தப்பட்டது. 1970 இல் மீட்கப்பட்டு, மிதவை மீது ஏற்றி பிரிஸ்டலுக்குக் கொண்டுவரப்பட்டு, தான் கட்டப்பட்ட அதே உலர்துறையில் சரியாக 127 ஆண்டுகள் கழித்துச் சேர்ந்தது. அங்கு அருங்காட்சியகமாக உள்ளது.

கிரேட் ஈஸ்டர்ன்

வழியில் நிலக்கரி நிரப்பாமல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கிழக்கு நாடுகளுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் செல்வதற்காகக் கட்டப்பட்ட இக்கப்பல் 211 மீட்டர் நீளமுடையது; 4,000 பயணிகளை ஏற்றத் திட்டமிடப்பட்டது. துடுப்புச் சக்கரங்கள், திருகு உந்தி, ஆறு பாய்மரங்கள் என மூவகை இயக்கங்களும் இருந்தன. இதன் அளவு நூல்களில் 18,915 டன் என்றும் ஏறத்தாழ 32,000 டன் என்றும் காணப்படும். இவை முரண்பட்டவையல்ல. முன்னையது 100 கன அடியை ஒரு டன்னாகக் கொள்ளும் கன அளவு; பின்னையது கப்பல் விலக்கும் நீரின் எடை. பழைய கப்பல்களை ஒப்பிடும் மாணவர்கள் எந்த டன் என்பதை முதலில் நோக்குதல் வேண்டும்.

இலண்டனின் மில்வால் பகுதியில் ஜான் ஸ்காட் ரசலின் கட்டுமிடத்தில் 1854 இல் பணி தொடங்கியது. இருவருக்குமிடையே பிணக்கு முற்றியது. 1856 இல் ரசல் கடனில் மூழ்கினார். கப்பல் மிக நீளமாதலால் பக்கவாட்டில் ஆற்றில் இறக்க முயன்றனர். நவம்பர் 3, 1857 அன்று நடந்த முதல் முயற்சி உயிரிழப்பில் முடிந்தது. சனவரி 31, 1858 இல்தான் கப்பல் மிதந்தது. இச்செலவே நிறுவனத்தை வீழ்த்தியது.

செப்டம்பர் 5, 1859 அன்று கப்பலில் இருந்தபோது புரூனெல் பக்கவாதத்தால் வீழ்ந்தார். நான்கு நாட்களில் சோதனை ஓட்டத்தின்போது, ஒரு புகைபோக்கியைச் சூழ்ந்திருந்த நீர்க்கலனின் அடைப்பான் மூடியிருந்தமையால் அது வெடித்துப் பணியாளர் சிலர் இறந்தனர். அச்செய்தி எட்டியபின் செப்டம்பர் 15 அன்று புரூனெல் காலமானார்.

புதிய உரிமையாளர்கள் கப்பலை, அதற்கெனக் கருதப்படாத அத்திலாந்திக்கு வழித்தடத்தில் விட்டனர். 1860 இல் முதற் பயணத்தில் கட்டணப் பயணிகள் 35 பேர் மட்டுமே. பிழை வடிவமைப்பினும் வணிகத்திலேயே மிகுதி எனலாம். ஏனெனில் 1862 இல் நியூயார்க் அருகே பாறை ஏறத்தாழ 25 மீட்டர் நீளத்துக்கு வெளியுடலைக் கிழித்தபோதும், புரூனெல் அமைத்த இரட்டை உடல் கப்பலைக் காத்தது. பயணிகளை ஈர்க்காத அப்பேருருவமே பின்னர் பயன்பட்டது. முழு நீளத் தந்திக் கம்பிவடத்தையும் ஏற்றவல்ல கப்பல் இது ஒன்றே. 1866 இல் அத்திலாந்திக்குக் கம்பிவடத்தையும், 1870 இல் பம்பாய்–ஏடன் கம்பிவடத்தையும் இட்டது.

1888 இல் உடைப்பதற்காக விற்கப்பட்ட கப்பலின் இரட்டை உடலைப் பிரிக்க ஒன்றரை ஆண்டுகள் பிடித்தன. அப்போது உள்ளே ஒரு தொழிலாளியின் எலும்புக்கூடு கிடைத்ததாகக் கூறப்படும் கதைக்கு நம்பத்தகுந்த சான்றில்லை. 1899 இல் ஓசியானிக் கட்டப்படும் வரை இதைவிட நீளமான கப்பல் உருவாகவில்லை. இதன் பாய்மரப் பகுதியொன்று லிவர்பூலின் ஆன்பீல்டு கால்பந்து அரங்கில் கொடிக்கம்பமாக நிறுத்தப்பட்டது.