யானையைப் பார்க்கத் தெரிந்தவர்

திருவானைக்காவின் தலபுராணம் ஒரு காட்டில் தொடங்குகிறது. வெண்நாவல் மரங்கள் நிறைந்த அந்தக் காட்டில் ஒரு யானை துதிக்கையில் நீர் முகந்து வந்து ஈசனை வழிபட்டது. ஒரு சிலந்தி வலை பின்னி நிழல் செய்தது. இன்று காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவரங்கத் தீவில் அந்தக் காடும் இல்லை, காட்டு யானையும் இல்லை. கோயில் யானையைப் பார்த்து வளரும் திருச்சிராப்பள்ளிப் பிள்ளைகள் காட்டு யானையைக் காண முதுமலைக்குச் செல்ல வேண்டும். வசதி படைத்தோர் கென்யாவின் மாசாய் மாரா வரை சென்று வருகின்றனர். சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை என ஐந்தையும் சில நாள்களில் பார்த்து முடித்ததைச் சாதனையாகச் சொல்வோரும் உண்டு. ஆனால், ஒரு விலங்கைப் பார்ப்பது என்றால் என்ன என்பதற்கு இலக்கணமாக வாழ்ந்த தமிழர் ஒருவர் உண்டு. அவர் மா. கிருஷ்ணன்.

'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டியாக 1912-ஆம் ஆண்டு ஜூன் 30 அன்று திருநெல்வேலியில் பிறந்தவர் கிருஷ்ணன். வளர்ந்தது சென்னை மயிலாப்பூரில். அன்றைய மயிலாப்பூரின் எல்லையில் புதர்க்காடுகள் இருந்தன. கீரியும் நரியும் அணிலும்தான் அந்தச் சிறுவனின் முதல் ஆசிரியர்கள். 1925-இல் தந்தை மறைந்தார். மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்ற கிருஷ்ணனுக்குப் பேராசிரியராக வாய்த்தவர், தென்னிந்திய மலைத் தாவரங்களைப் பற்றி நூல்கள் எழுதிய பைசன். பின்னர் சட்டமும் படித்தார். ஆனால், நீதிமன்றம் அவரை ஈர்க்கவில்லை.

நிலையான வேலை தேடி அலைந்த அவர், 1942-இல் பெல்லாரிக்கு அருகிலிருந்த சண்டூர் சமஸ்தானத்தில் சேர்ந்தார். ஆசிரியர், நீதிபதி, அரசரின் செயலர் எனப் பல பொறுப்புகளை வகித்தார். அலுவல் போக எஞ்சிய நேரமெல்லாம் அந்த மலைகளிலும் புதர்வெளிகளிலும் கழிந்தது. விடுதலைக்குப் பின் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தபோது வேறு பணி தேடாமல், எழுத்தையும் ஒளிப்படத்தையும் நம்பிச் சென்னைக்குத் திரும்பினார். அது துணிச்சலான முடிவு. வாழ்நாள் முழுவதும் சிக்கனமாகவே வாழ வேண்டியிருந்தது. 1950-இல் கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் தொடங்கிய அவரது இயற்கைப் பத்தி, 1996 பிப்ரவரி 18 அன்று அவர் மறையும் வரை 46 ஆண்டுகள் தொடர்ந்தது.

ஆப்பிரிக்கப் புல்வெளியில் வண்டியில் அமர்ந்தபடியே நெடுந்தொலைவில் நிற்கும் விலங்கைக் காணலாம். நம் காடு அப்படிப்பட்டதல்ல. மூங்கிலும் உண்ணிச்செடியும் மண்டிய முதுமலையில் இருபது அடி தொலைவில் நிற்கும் யானைகூடக் கண்ணுக்குப் படாது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று அறியாமல் நடப்பவர், யானையைக் காணும் முன்பே யானையால் அறியப்பட்டுவிடுவார். இத்தகைய காடுகளில் நடந்தும் வளர்ப்பு யானையின் மீதேறியும் திரிந்தார் கிருஷ்ணன். பல்வேறு பாகங்களைத் தாமே இணைத்து உருவாக்கிய கனத்த கேமராவைச் சுமந்து கறுப்பு வெள்ளைப் படங்களை எடுத்தார். படத்துக்காக விலங்கைச் சீண்டுவது அவருக்கு உடன்பாடில்லை. விலங்கு தன் இயல்பில் இருக்கும் தருணம் வாய்க்கும்வரை காத்திருப்பதே அவரது முறை.

1968-இல் ஜவாஹர்லால் நேரு ஆய்வு நல்கை கிடைத்தது. தென்னிந்தியத் தீபகற்பத்தின் பெரிய பாலூட்டிகளைப் பற்றி அவர் நேரில் கண்டு பதிந்தவை, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழிலும் பின்னர் நூலாகவும் வெளிவந்தன. எந்தப் பல்கலைக்கழகத்திலும் பதவி வகிக்காத ஒருவரின் களக்குறிப்புகள் அவை. தமிழுக்கும் அவர் கடன் தீர்த்தார்; பெரியசாமி தூரன் பதிப்பித்த கலைக்களஞ்சியத்துக்கு விலங்குகளைப் பற்றி எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் நூலாக்கினார் தியடோர் பாஸ்கரன்.

புலியையும் யானையையும் மட்டுமே காட்டுயிர் என்று கருதியவரல்லர் அவர். காகம், ஓணான், வெளவால், வீட்டுக் கூரையில் ஓடும் அணில் என எல்லாவற்றுக்கும் அவரது பத்தியில் இடமிருந்தது. ஒரு நாட்டின் அடையாளம் அதன் மொழியிலும் கலையிலும் மட்டுமல்ல, அதன் மண்ணுக்குரிய மரத்திலும் விலங்கிலும் இருக்கிறது என்பதே அவரது எழுத்தின் சாரம். அதனால்தான் அழகுக்காகவோ லாபத்துக்காகவோ அயல்நாட்டு மரங்களை நம் காடுகளில் நடுவதை அவர் கடுமையாக எதிர்த்தார். அரசு அமைத்த குழுக்களில் அமர்ந்தபோதும் அந்தக் கருத்தை மென்மையாக்கவில்லை. பிடிவாதக்காரர் என்ற பெயர் கிடைத்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

அவரது கண்ணோட்டத்தோடு திருச்சியைப் பார்த்தால் நாம் செய்ய வேண்டியது தெளிவாகும். நகருக்கு அருகில் எம்.ஆர். பாளையத்தில் வனத்துறையின் யானைகள் மறுவாழ்வு மையம் இருக்கிறது. மனிதரிடமிருந்து மீட்கப்பட்ட யானைகள் அங்கே பராமரிக்கப்படுகின்றன. காட்டை இழந்த யானைக்கு நாம் செய்யும் சிறு பரிகாரம் அது. காவிரியில் நீர்நாயும், கொள்ளிடக் கரையில் கீரியும் மயிலும், மடுக்களின் மேல் சிறகடித்து நின்று நீரில் பாயும் கறுப்பு வெள்ளை மீன்கொத்தியும் இன்னமும் வாழ்கின்றன. மணல் அள்ளிய பள்ளங்களுக்கும் சீமைக் கருவேலத்துக்கும் கழிவுநீருக்கும் இடையே எஞ்சியவை அவை. ஆப்பிரிக்கா செல்வதில் தவறில்லை. அங்கே கண்ட வியப்பை வீட்டு வாசல் வரை கொண்டுவருவதே பயணத்தின் பயன். திருச்சியின் பள்ளிகள் ஆண்டுக்கு ஒரு நாளேனும் பிள்ளைகளைக் கொள்ளிடக் கரைக்கு அழைத்துச் சென்று, பேசாமல் ஒரு மணி நேரம் பார்க்கப் பழக்கட்டும். கிருஷ்ணனுக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி அதுவே.