காலம் தாழ்த்தி விழிக்கும் மரபணு

நரை, திரை, மூப்பு ஆகியவற்றை வெல்லக் காயகற்பம் தேடிய மரபு நம்முடையது. உடல் ஏன் மூப்படைகிறது என்னும் வினாவுக்கு மரபியல் வழியில் விடை காணத் தொடக்கக் குறிப்புத் தந்தவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். இங்கிலாந்தில் பிறந்த இவ்வறிஞர், இந்தியக் குடிமகனாக ஒடிசாவில் மறைந்தார்.

ஹால்டேன் 1892 நவம்பர் 5ஆம் நாள் ஆக்ஸ்போர்டில் பிறந்தார். தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன் உடலியல் அறிஞர். சுரங்கங்களின் நச்சுக்காற்றை ஆராயத் தம் உடலையும், சிறுவனான மகனின் உடலையும் சோதனைக்கு உட்படுத்தியவர். மகனோ பல்கலைக்கழகத்தில் கணிதமும் கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களும் பயின்றார். அறிவியலில் பட்டம் எதுவும் பெறவில்லை. தங்கை நவோமி வளர்த்த கினிப்பன்றிகளும் எலிகளுமே அவருக்கு மரபியல் கற்பித்தன. எலிகளின் இரு பண்புகள் பிணைந்தே தலைமுறை கடப்பதைக் காட்டிய கட்டுரை 1915இல் வெளிவந்தது. அதற்குள் உடனுழைத்த நண்பர் ஸ்பிரண்ட் உலகப் போரில் உயிரிழந்திருந்தார்.

1924 முதல் இயற்கைத் தேர்வைக் கணிதச் சமன்பாடுகளால் விளக்கும் கட்டுரைகளை வரிசையாக எழுதினார். அவ்வழியில் சென்றவரை ஹன்டிங்டன் என்னும் மூளைச் சிதைவு நோய் சிந்திக்க வைத்தது. பெற்றோருள் ஒருவருக்கு இந்நோயின் மரபணு இருந்தால், பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் அது சென்று சேரும் வாய்ப்புச் சரிபாதி. இத்துணைக் கொடிய மரபணுவை இயற்கைத் தேர்வு ஏன் களைந்தெறியவில்லை? 1941இல் வெளியிட்ட நூலில் ஹால்டேன் இதனை ஆராய்ந்தார். நோய் பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதுகளில்தான் தலைகாட்டுகிறது. அதற்குள் பிள்ளைகள் பிறந்துவிடுகின்றனர். மரபணுவும் அடுத்த தலைமுறைக்குச் சென்றுவிடுகிறது.

திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதியில் உருவாகும் மகிழுந்து ஒன்றை எண்ணிப் பாருங்கள். உத்தரவாதக் காலத்திற்குள் பழுதாகும் உறுப்பு ஆலையின் கவனத்திற்கு வருகிறது. அடுத்த வார்ப்பிலேயே திருத்தப்படுகிறது. பதினைந்து ஆண்டுகள் கழித்துத் தேயும் உறுப்பைப் பற்றி ஆலை அறிவதேயில்லை. இயற்கைத் தேர்வின் உத்தரவாதக் காலம், மக்கட்பேற்றுக் காலம். அதற்குப் பின் தீங்கிழைக்கும் மரபணுக்கள் அதன் பார்வையிலிருந்து தப்பித் தலைமுறைதோறும் சேர்கின்றன. இக்கருத்தை முதுமைக்கே உரிய பொது விளக்கமாக 1952இல் விரித்துரைத்தவர் பீட்டர் மெடவார். ஹால்டேனிடம் பயின்ற ஜான் மேனார்ட் ஸ்மித், பழ ஈக்களில் ஒரு புதுமையைக் கண்டார்: முட்டையிடுவது குறைந்த பெண் ஈக்கள் நெடுநாள் வாழ்ந்தன. இனப்பெருக்கத்திற்கு உடல் கொடுக்கும் விலையே வாழ்நாள் என்பதற்கு, சில வாரங்களே வாழும் சிற்றுயிர் சான்றாயிற்று.

சூயஸ் கால்வாய்ப் படையெடுப்பில் பிரிட்டன் நடந்துகொண்ட முறையைக் கண்டித்து, 1957இல் ஹால்டேன் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திற்கு வந்தார். தாம் பதிப்பித்து வந்த மரபியல் ஆய்விதழையும் உடன் கொணர்ந்தார். குர்தா அணிந்தார், புலால் மறுத்தார், 1961இல் இந்தியக் குடியுரிமை பெற்றார். விலையுயர்ந்த கருவிகள் இல்லையே என ஏங்கிய இளைஞர்களிடம், மலரின் இதழ்களை எண்ணுவதும் ஆய்வே என உணர்த்தினார். அது வறுமைக்குச் சொன்ன ஆறுதலன்று. எண்ணிக்கையிலிருந்து உண்மையைப் பிழிந்தெடுக்கும் கணிதம் அவரிடம் இருந்தது. தாய்மாமனையும் முறைப்பெண்ணையும் மணக்கும் தென்னாட்டு வழக்கம் அவர் குழுவின் ஆய்வுக்குரியதாயிற்று. மறைந்திருக்கும் ஒரே குறை மரபணு, உறவினரான பெற்றோர் இருவரிடமிருந்தும் குழந்தையிடம் வந்து சேரக்கூடும் அல்லவா? அவர் மாணவர் கிருஷ்ண துரோணம்ராஜு, ஆந்திரத்தில் இத்தகைய திருமணங்களைக் கணக்கெடுத்தார்.

1962இல் புவனேசுவரத்தில் மரபியல் ஆய்வகம் ஒன்றை அமைக்கத் தொடங்கினார். பணி வேரூன்றுமுன் புற்றுநோய் பற்றியது. மருத்துவமனையில் இருந்தபடியே, அறிகுறி கண்டவுடன் மருத்துவரை நாடுமாறு வலியுறுத்தும் நகைச்சுவைக் கவிதை ஒன்றை எழுதினார். 1964 டிசம்பர் முதல் நாள், தம் 72ஆம் வயதில் புவனேசுவரத்தில் காலமானார். இளமையில் தந்தையின் சோதனைகளுக்கு உட்பட்ட அவ்வுடல், அவர் விருப்பப்படியே காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரி மாணவர்களின் பயிற்சிக்கு அளிக்கப்பட்டது.