குலுக்கலை நம்பிய பேராசிரியர்

தமிழகத்தில் லாட்டரிச் சீட்டு விற்பனைக்கு 2003-ஆம் ஆண்டில் தடை விதிக்கப்பட்டது. ஆனாலும், அண்டை மாநிலக் குலுக்கல் முடிவின் கடைசி மூன்று இலக்கங்களை வைத்து நடத்தப்படும் சட்டவிரோத 'மூன்று நம்பர் லாட்டரி' தொடர்பான கைதுச் செய்திகள் இன்னும் நின்றபாடில்லை. இதில் பணத்தை இழப்பவர்களில் அன்றாடக் கூலிக்குச் செல்வோர் பலர். முந்தைய வாரங்களின் எண்களைத் தாளில் குறித்துவைத்து, கூட்டியும் கழித்தும் பார்த்தால் அடுத்த எண் பிடிபட்டுவிடும் என்னும் நம்பிக்கையே அவர்களை மீண்டும் மீண்டும் அங்கே அழைத்துச் செல்கிறது. குலுக்கலில் விழப்போகும் எண்ணை முன்கூட்டி அறிய முடியுமா? தற்செயலையே தமது ஆய்வுக் கருவியாக்கிக்கொண்ட ஓர் இந்தியரின் வாழ்க்கையில் இதற்கு விடை இருக்கிறது. அவர் பிரசந்த சந்திர மகலனோபிஸ்.

1893 ஜூன் 29 அன்று கொல்கத்தாவில் பிறந்த மகலனோபிஸ், மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்றபின், 1913-இல் இங்கிலாந்து சென்றார். லண்டன் பல்கலைக்கழகத்தில் சேர்வதே அவரது திட்டம். ஒருநாள் கேம்பிரிட்ஜைச் சுற்றிப் பார்க்கப் போனவர், திரும்பும் ரயிலைத் தவறவிட்டார். இரவு நண்பர் வீட்டில் தங்க நேர்ந்தது. கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தின் அழகு அவரை ஈர்த்திருந்தது. நண்பரின் யோசனைப்படி அக்கல்லூரியிலேயே சேர்ந்துவிட்டார்.

அடுத்த ஆண்டு அங்கே வந்து சேர்ந்த கணிதமேதை ராமானுஜன் அவருக்கு நண்பரானார். குளிரில் தூங்க முடியவில்லை என்று ராமானுஜன் சொல்ல, அறைக்குச் சென்று பார்த்த மகலனோபிஸ், கட்டிலில் கம்பளிகள் ஒழுங்காகச் செருகி விரிக்கப்பட்டிருப்பதையும், கும்பகோணத்து மேதை அவற்றின் மேலேயே படுத்துறங்கி வந்ததையும் கண்டுபிடித்தார். கம்பளிக்குள் நுழைந்து படுக்க அவர்தான் கற்றுக்கொடுத்தாராம்.

1915-இல் படிப்பை முடித்து ஊர் திரும்பவிருந்தபோது, முதல் உலகப் போரால் பயணம் தாமதமானது. காத்திருந்த நாள்களில் கல்லூரி நூலகத்தில் பொழுதைக் கழித்தவருக்கு, ஆசிரியர் ஒருவர் 'பயோமெட்ரிகா' என்னும் புள்ளியியல் இதழைக் காட்டினார். அதன் தொகுதிகள் அனைத்தையும் விலைக்கு வாங்கி, கப்பலிலேயே படிக்கத் தொடங்கினார். மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்று இயற்பியல் ஆய்வைத் தொடரும் எண்ணத்தோடு வந்தவர், மாநிலக் கல்லூரியில் கிடைத்த தற்காலிக ஆசிரியர் பணியை ஏற்றார், அப்படியே தங்கிவிட்டார். தவறிய ஒரு ரயிலும் தாமதமான ஒரு பயணமும் இல்லையென்றால் இந்தியப் புள்ளியியலின் வரலாறு வேறாக இருந்திருக்கும்.

1926-இல் ஒரிசாவில் பெருவெள்ளம் ஏற்பட்டது. ஆற்றின் படுகை உயர்ந்துவிட்டது, எனவே கரைகளை உயர்த்த வேண்டும் என்றனர் பொறியாளர்கள். ஏறத்தாழ 60 ஆண்டுகளின் பதிவுகளை ஆராய்ந்த மகலனோபிஸ், படுகை உயரவில்லை, பெய்த மழைதான் அளவு கடந்தது என்று காட்டினார். ஏற்ற இறக்கம் இயல்பானது என்பதை ஏற்காமல், அதன் பின்னால் ஒரு காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிடும் மனத்தை அவர் அப்போதே அடையாளம் கண்டிருந்தார். பழைய லாட்டரி எண்களில் ஒழுங்கைத் தேடுவதும் அதே மனம்தான்.

1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனம், 1933-இல் 'சங்க்யா' ஆய்விதழ் எனப் பணி விரிந்தது. 1937-இல் வங்காளத்தின் சணல் விளைநிலங்களை மாதிரி முறையில் அளக்கத் தொடங்கினார். எந்த வயல்களை அளப்பது என்பதை ஆய்வாளரின் விருப்பத்துக்கு விட்டால், பாதையோரத்து வயலையும் செழித்த பயிரையுமே கண் நாடும். ஒருதலையாகச் சாயாமல் தேர்ந்தெடுக்க மனிதனால் இயலாது. எனவே, ஒழுங்கே இல்லாத எண்களின் பட்டியலைக் கொண்டு வயல்களைத் தேர்ந்தார். இங்கிலாந்தில் டிப்பெட் என்பவர் மக்கள்தொகைக் கணக்கிலிருந்து இலக்கங்களைத் திரட்டி, 41,600 இலக்கங்கள் கொண்ட அத்தகைய பட்டியலை 1927-இல் வெளியிட்டிருந்தார். ஒரே பகுதியை ஒன்றையொன்று சாராத இரு குழுக்கள் தனித்தனியே அளக்கச் செய்து, கணக்கில் பிழையோ பொய்யோ புகுந்ததா என்றும் சரிபார்த்தார். ஒரு வயல் விடாமல் அளக்கும் முறைக்கு ஆன செலவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கில் நம்பகமான மதிப்பீடு கிடைத்தது.

அடுத்து எந்த வயல் தேர்வாகும் என்பது மகலனோபிஸுக்கும் தெரியாது. ஆனால், போதிய வயல்கள் தேர்வானபின் கிடைக்கும் சராசரி எவ்வளவு பிழைக்குள் அடங்கும் என்பதை அவரால் முன்கூட்டியே சொல்ல முடிந்தது. லாட்டரியும் அப்படித்தான். மூன்று இலக்க எண் ஒன்று விழும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. நாள்தோறும் ஒரு எண் வீதம் ஓராண்டு முழுவதும் வாங்கினாலும், நூறு பேரில் சுமார் 69 பேருக்கு ஒருமுறைகூடப் பரிசு விழாது. நீண்டநாள் வராத எண் இனி வந்தே தீரும் என்பதற்கு ஆதாரமில்லை. குலுக்கும் இயந்திரத்துக்கு நேற்றைய நினைவு கிடையாது. பத்தாயிரம் பேர் ஆளுக்கொரு எண்ணைக் கட்டினால், கணிப்பு எதுவும் இல்லாமலேயே ஏறத்தாழப் பத்துப் பேருக்கு விழும். ஊரில் பேசப்படுவது அந்தப் பத்துப் பேரின் சாமர்த்தியம். இழந்தவர்கள் யாரிடமும் சொல்வதில்லை. விற்பவருக்கோ எந்த எண் விழும் என்று தெரிய வேண்டியதில்லை. வசூலில் எவ்வளவு பரிசாகத் திரும்பிப் போகும் என்று தெரிந்தால் போதும்.

எண்ணை முன்கூட்டி அறிந்தவர்களும் உண்டு. 1980-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலக் குலுக்கலில் 4, 6 தவிர்த்த பிற பந்துகளின் எடையைக் கள்ளத்தனமாகக் கூட்டினார்கள், 666 விழுந்தது. பிடிபட்டார்கள். அங்கே நடந்தது குலுக்கலே அல்ல.

1950-இல் மகலனோபிஸின் முயற்சியால் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. 1955 ஜனவரியில் ஆவடி காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணி சமுதாயத்தை இலக்காக அறிவித்தது. அதற்கேற்ற இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் வரைவைத் தந்தவரும் அவரே. கனரகத் தொழில்களுக்கு அத்திட்டம் அளித்த முன்னுரிமை சரிதானா என்னும் வாதம் இன்றும் ஓயவில்லை. எனக்கும் அதில் ஐயங்கள் உண்டு. மாதிரி ஆய்வு முறையின் பயனில் எனக்கு ஐயம் இல்லை. 1972 ஜூன் 28 அன்று, 79-ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், அவர் காலமானார். ஜூன் 29 புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையின் ஏதோ ஒரு தெருவிலும் மாதிரி ஆய்வுக் களப்பணியாளர் ஒருநாள் கதவைத் தட்டக்கூடும். அரிசிக்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு, வேலைக்குப் போவோர் எத்தனை பேர் என்று கேட்பார். இத்தனை வீடுகள் இருக்க எங்கள் வீடு ஏன் என்று வீட்டுக்காரர் கேட்டால், அவர் தரக்கூடிய பதில் ஒன்றுதான்: குலுக்கலில் விழுந்தது.