இப்னு பதூதாவும் நிகழ்தகவும்

ஆண்டுதோறும் டிசம்பர் மாத உந்துவப் பௌர்ணமியை ஒட்டி, பெல்மதுளை கல்பொத்தாவெல ரஜமகா விகாரையிலிருந்து சமன் தெய்வத்தின் திருவுருவம் ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டு மலையுச்சியை அடைவதோடு சிவனொளிபாத யாத்திரைப் பருவம் ஆரம்பமாகின்றது. முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என அழைக்கும் அம்மலையை 1344 ஆம் ஆண்டில் தரிசித்தவர் இப்னு பதூதா. நடக்கவே முடியாதவை எனத் தோன்றும் நிகழ்வுகள் எவ்வாறு நடந்துவிடுகின்றன என்று ஆராய்வோருக்கு அவரது வாழ்க்கையைப் போன்ற சான்று வேறு கிடைப்பது அரிது.

1304 இல் மொரோக்கோவின் தாஞ்சியர் நகரில், மார்க்க அறிஞர் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். 21 வயதில் ஹஜ்ஜை நாடித் தனியே புறப்பட்டவர் மக்காவோடு நின்றுவிடவில்லை. 1333 இல் சிந்து நதியை அடைந்து, டில்லியில் முகம்மது பின் துக்ளக்கின் கீழ் காதியாகக் கடமையாற்றினார். கொடைக்கும் கொலைக்கும் ஒருங்கே பெயர்பெற்ற அச் சுல்தானிடம் தலை தப்பியதே பெரிய காரியம் எனலாம்.

பின்னர் சுல்தான் அவரைச் சீனத்துக்குத் தூதராக அனுப்பினார். அலிகார் அருகே கலகக்காரரிடம் சிறைப்பட்டு மீண்டு, கள்ளிக்கோட்டைத் துறையை அடைந்தார். பரிசுப் பொருட்கள் கப்பலேறின. அவரோ ஜும்ஆத் தொழுகைக்காகக் கரையில் தங்கினார். அதன்பின் எழுந்த புயலில் அக்கப்பல் மோதிச் சிதறியது. சக தூதர்களான ஸஹீருத்தீனும் சன்புலும் மாண்டனர். அவரது சொந்த உடைமைகளை ஏற்றியிருந்த மற்றைய கலமோ அவரை விட்டுவிட்டுக் கடலோடியது. பத்துத் தினார்களும் ஒரு விரிப்புமே அவரிடம் எஞ்சின.

மாலைதீவில் காதியாக இருந்துவிட்டு மஃபர் எனப்பட்ட சோழமண்டலக் கரைக்குப் புறப்பட்டவரைக் காற்று புத்தளப் பக்கம் ஒதுக்கியது. தமிழ் மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று, மலைக்குச் செல்லப் பல்லக்கும் துணையாட்களும் அளித்தார். காணியொன்றை விலைக்கு வாங்கி மாணிக்கம் தேடித் தோண்டுவதையும், நூறு பணத்துக்கு மேற்பட்ட கல்லை மன்னரே விலைகொடுத்து எடுத்துக்கொள்வதையும் அவர் விவரிக்கிறார். பெல்மதுளை வாசகருக்கு இது அந்நியமான காட்சியன்று. (கல் கிடைக்கும் சரளைப் படிவத்துக்குச் சிங்களத்தில் இல்லம் என்று பெயர், தமிழர் காதுக்கு அது வீடாகவே ஒலிக்கும்.) மன்னர் தந்த மணிகளை மலபார்க் கடலில் கொள்ளையர் பறித்தனர். கட்டியிருந்த காற்சட்டையோடு அவர் கரை சேர்ந்தார்.

இவை யாவற்றிலும் வியப்பானது இனித்தான் வருகின்றது. சீனத்தில் ஒரு நகரில், தாஞ்சியருக்கு அண்மையிலுள்ள சப்தாவைச் சேர்ந்த அல்-புஷ்ரி என்பவரைச் சந்தித்தார். டில்லியில் முன்னர் கண்டவரே அவர். சில ஆண்டுகளின் பின், சகாராப் பாலைவனத்தின் விளிம்பிலுள்ள சிஜில்மாஸாவில் இவர் விருந்தினராகத் தங்கியது அதே அல்-புஷ்ரியின் சகோதரர் வீட்டில்!

இதனை இறைவன் விதித்தது எனக் கொள்ளலாம். நம்பிக்கையாளர் அதனோடு பிணங்க வேண்டியதில்லை. எண்ணிக்கை கேட்பது வேறு கேள்வி. இன்ன சகோதரரை இன்ன ஊரில் சந்திப்பார் என 1325 இல் எவரேனும் கூறியிருந்தால், அது பலிக்கும் வாய்ப்பு இல்லையென்றே சொல்லலாம். ஆனால் அவ்வாறு எவரும் முன்கூட்டிக் கூறவில்லை. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அலைந்தவர், சென்ற இடமெல்லாம் அறிஞர், வணிகர் என்ற குறுகிய வட்டத்திலேயே தங்கினார். வியக்கத்தக்க சந்திப்புகள் ஆயிரம் வகையில் நேர்ந்திருக்கலாம். நேர்ந்ததையே நாம் வாசிக்கிறோம். அவரது சீனப் பயணத்தையே ஐயுறும் ஆய்வாளர்களும் உளர். ஆயினும் இச் சந்திப்பைக் கொண்டு ஐயுறுவது பொருந்தாது. இத்தனை நீண்ட பயணத்தில் இத்தகைய ஒன்றேனும் நிகழாதிருந்தால் அதுவே விசித்திரம்.

உயிர் தப்பியதற்கும் இக்கணக்கே. ஒவ்வொரு இடரிலும் பத்தில் ஒருவர் மடிவார் என வைத்துக்கொள்வோம். முப்பது இடர்களைச் சந்திக்கும் ஆயிரம் பேரில் ஏறத்தாழ 42 பேரே மிஞ்சுவர். அந்த 42 பேரில் ஒவ்வொருவரும் தம்மைத் தனியே காக்கப்பட்டவராகக் கருதுவதில் தவறு காண இயலாது. மடிந்த 958 பேரும் பயண நூல் எழுதுவதில்லை. பெல்மதுளையிலும் கல் அகப்பட்ட குழியின் கதையே தேநீர்க் கடைவரை வருகிறது. வெறுங்குழிக்குப் பங்குபோட்டுக் கடனாளியானவனின் கதை அவன் வீட்டுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

1348 இல் டமஸ்கஸில் கொள்ளைநோய் நாளாந்தம் பெருந்தொகையானோரைப் பலிகொண்டபோது அவர் அங்கிருந்தார். நோய் அவரைத் தீண்டவில்லை. ஆனால் மறுவருடம் தாயகம் மீண்டபோது, எந்தக் கடலையும் கடக்காது தாஞ்சியரில் இருந்த அவரது தாயார் அதே நோய்க்குச் சில மாதங்களுக்கு முன் பலியாகியிருந்தார்.

1355 இல் இப்னு ஜுஸைய் என்ற எழுத்தாளர், அவர் சொல்லச் சொல்லத் தொகுத்த பயண நூலை நிறைவு செய்தார். அதன்பின் மொரோக்கோவில் காதியாகவே இருந்து 1368 அல்லது 1369 இல் அவர் காலமானார். கள்ளிக்கோட்டைக் கடலில் மாண்ட இரு தூதர்களின் பெயர்களும் அந்நூலின் வழியாகவே நமக்குக் கிடைத்துள்ளன.