படிகத்தில் மின்சாரம் கண்டவர்

வீணை நரம்பின் அதிர்ச்சி செவிக்கு இன்பம் பயக்கும். வானூர்தியின் சிறகில் தோன்றும் அதிர்ச்சியோ தீங்கு பயக்கும்; அஃது இடைவிடாது தொடருமாயின் வலிய உலோகமும் நாளடைவில் வெடிப்புறும். தன் அதிர்ச்சியைத் தானே உணர்ந்து தானே அடக்கிக்கொள்ளும் அமைப்புகளை இக்காலப் பொறியியலார் ஆக்குகின்றனர். அவற்றிற்கு வித்திட்டோருள் ஒருவர் பிரெஞ்சு நாட்டு அறிஞர் பியர் கியூரி. ரேடியம் கண்டவர் என்று அவரை உலகம் போற்றும்; இளமையில் அவர் ஆற்றிய இவ்வருஞ்செயலை அறிந்தார் சிலரே.

பியர் 1859ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் பாரிசு நகரில் பிறந்தார். தந்தையார் ஒரு மருத்துவர். ஒரு பொருளையே நெடிது நினைந்து அதில் ஆழ்ந்துவிடுவது பியரின் இயல்பு. பள்ளிக் கல்விமுறை இவ்வியல்பிற்கு ஒவ்வாது எனக் கண்ட தந்தையார், அவருக்கு வீட்டிலேயே கல்வி பயிற்றுவித்தார். 18ஆம் வயதில் பட்டம் பெற்ற பியர், சார்போன் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக அமர்ந்தார்.

அவருடைய தமையனார் ஜாக் என்பவரும் படிகங்களை ஆராய்ந்து வந்தார். சில படிகங்களைச் சூடாக்கினால் மின்சாரம் தோன்றும் என்பது முன்னரே அறிந்த செய்தி. அழுத்தினாலும் தோன்றாதோ என்று உடன்பிறந்தார் இருவரும் எண்ணினர். படிகத்தின் உள்ளமைப்பை நோக்கி, எப்பக்கம் அழுத்தினால் எம்முகத்தில் மின்சாரம் தோன்றும் என ஊகித்தனர். படிகத்தின் இரு முகங்களிலும் வெள்ளீயத் தாள் ஒட்டி, அழுத்தி அளந்தனர். 1880ஆம் ஆண்டில் அவர்கள் எண்ணியது மெய்யாயிற்று. குவார்ட்சு, டூர்மலின், கரும்புச் சர்க்கரை முதலியவற்றின் படிகங்கள் அழுத்தியவுடன் மின்சாரம் காட்டின. மறு ஆண்டில் லிப்மன் என்னும் அறிஞர், மின்சாரம் செலுத்தினால் படிகம் வடிவம் மாறுதல் வேண்டும் என்று கணக்கால் காட்டினார். உடன்பிறந்தார் அதனையும் ஆய்ந்து மெய்ப்பித்தனர். அழுத்தம் மின்சாரமாகும், மின்சாரம் அசைவாகும். இவ்விருவழிப் பண்பே அவர்கள் உலகிற்கு அளித்த செல்வம்.

 அவர்கள் சமைத்த குவார்ட்சுக் கருவி வீண்போகவில்லை. பியர் 1895ஆம் ஆண்டில் மேரி அம்மையாரை மணந்தார். யுரேனியக் கதிர்களால் எழும் மிகச் சிறிய மின்னோட்டத்தை அளக்க அம்மையாருக்கு உதவியது அக்கருவியே. தட்டில் எடையிட்டுக் குவார்ட்சை இழுக்க, அதில் தோன்றிய மின்சாரத்தால் கதிர்களின் மின்சாரத்தை ஈடுசெய்து, அதற்கான நேரத்தை அம்மையார் கணக்கிட்டார். 1898ஆம் ஆண்டில் பொலோனியமும் ரேடியமும் அறியப்பட்டமைக்கு இவ்வளவையே அடிப்படை.

1903ஆம் ஆண்டில் நோபல் பரிசு வந்தது. அரசு அளிக்க முன்வந்த விருதைப் பியர் ஏற்றிலர். தமக்கு வேண்டுவது ஆய்வுக்கூடமே என அறிவித்தார். நல்ல ஆய்வுக்கூடம் வாய்க்கும் முன்னரே, 1906ஆம் ஆண்டு ஏப்பிரல் 19ஆம் நாள், மழையில் பாரிசுத் தெருவொன்றைக் கடக்கையில் குதிரை வண்டியின் கீழ் அகப்பட்டு உயிர் நீத்தார்.

அவர் மறைந்தார், படிகம் மறையவில்லை. அவர்தம் மாணாக்கர் லாஞ்சுவின், முதல் உலகப் போரின்போது குவார்ட்சை அதிரச் செய்து, கடலடியில் ஒலி செலுத்தி, நீர்மூழ்கிக் கப்பலை அறியும் வழி கண்டார். பின்வந்தோர் அதே பண்புடைய பீங்கான் தகடுகளைச் செய்தனர். அத்தகடுகளைச் சிறகில் ஒட்டினால், சிறகு வளையும்போது ஒரு தகடு மின்சாரத்தால் அதனை அறிவிக்கும். மின்சாரம் பெற்ற மற்றொரு தகடு எதிர்த்திசையில் இழுத்து அதிர்ச்சியைத் தணிக்கும். ஆடும் ஊஞ்சலை எதிர்த்துப் பிடித்தால் நிற்கும்; உடன் தள்ளினால் மிகுதியாக ஆடும். தகடும் அத்தகையதே, காலந்தவறி இழுப்பின் அதிர்ச்சி பெருகும். ஆதலின், எவ்விடத்தில் ஒட்டுவது, எப்பொழுது எவ்வளவு மின்சாரம் செலுத்துவது என்பவற்றைப் பொறியியலார் முன்னரே கணித்து அறிகின்றனர். அக்கணக்குகளின் நடுவே நிற்பது கியூரி உடன்பிறந்தார் கண்ட அதே இருவழிப் பண்பேயாம்.

சிறு படிகத்தை அழுத்திய அந்நாளில் வானூர்தியே இல்லை. இதனால் யாது பயன் என்று கேட்டிருப்பின், பியர் விடை கூறியிருத்தல் அரிது. உண்மையை அறிதல் ஒன்றையே அவர் பயனாகக் கொண்டார். ஏனைய பயன்கள் பின்னர்த் தாமே வந்தன.